எத்தனை வருடம் படித்தால் ஒரு டாக்டர்?

(இணையவழி நேரலை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மெல்பர்னில் இப்போது இரவு. லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்து இணைந்திருப்பவர்களுக்குப் பகல். வேலைக்கு நடுவே காதில் மாட்டிக்கொண்டு கேட்பவர்களும் இருப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. நர்சிங்கில் டிப்ளமோ முடித்தவள். இருபது வருடத்துக்கு மேலாக வார்டுகளில் வேலை செய்துகொண்டிருக்கிறேன். முதலில் தமிழ்நாட்டில், இப்போது இங்கே. குடியிருப்பது கேரம் டவுன்ஸில். சிவா விஷ்ணு கோவில் இருக்கும் ஊர் என்றால் ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு உடனே தெரியும். எங்கள் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால் பேச்சு எப்படியும் மெடிசினில் வந்து நிற்கும். மொனாஷில் ஐந்து வருடமாமே, மெல்பர்ன் யூனிவர்சிட்டியில் முதலில் வேறொரு டிகிரி முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமாமே, இந்தியாவுக்கு அனுப்பினால் ஐந்தரை வருடமாமே என்று கேட்பார்கள். இந்தக் கணக்கைக் கேட்டுக்கேட்டு எனக்கு ஒரு கேள்வி வந்தது. மனித உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். எலும்பு 206தான். அப்படியிருக்க, ஒரு ஊரில் நாலரை வருடம், இன்னொரு ஊரில் ஐந்து, ஒரு காலத்தில் மூன்று என்று இந்தப் படிப்பை அளந்தது யார்? எதை வைத்து அளந்தார்கள்?

இதைத் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன். உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிய வேண்டும் என்பது அந்த அளவில் ஒரு பாதிதான். அந்த டாக்டர் படித்து முடித்து யாருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கப் போகிறார் என்பது மறுபாதி. வரலாற்றில் ஒவ்வொரு முறை இந்தப் படிப்பை மாற்றியபோதும் இந்த இரண்டாவது கேள்விதான் உள்ளே இருந்திருக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். எம்.பி.பி.எஸ். என்பது ஒரு பட்டம் இல்லை, இரண்டு. மருத்துவத்தில் இளநிலை, அறுவையில் இளநிலை. ஒரே படிப்புக்கு ஏன் இரண்டு பட்டம்? இங்கிலாந்தில் மருந்து எழுதுகிறவர் வேறு, கத்தி பிடிக்கிறவர் வேறு. முன்னவர் பல்கலைக்கழகத்தில் லத்தீன் படித்த கனவான். பின்னவர் தொழில் பழகியவர்; ஒரு காலத்தில் முடிவெட்டுகிறவரோடு ஒரே சங்கத்தில் இருந்தவர். நம் ஊர் மருத்துவர் சமூகத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1858-இல் பிரிட்டனில் மருத்துவச் சட்டம் வந்து, பொது மருத்துவ மன்றமும் பதிவேடும் உண்டாயின. 1886-இல் வந்த திருத்தம், மருத்துவம், அறுவை, பிரசவம் மூன்றிலும் தேறினால்தான் பதிவு என்று சொன்னது. தனித்தனியாக இருந்த தொழில்கள் ஒரே ஆளுக்குள் வந்து சேர்ந்தன. பழைய பிரிவினையின் தழும்புதான் இன்றும் நம் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் நிற்கும் அந்த நான்கு எழுத்துகள்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 1822-இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு மருத்துவப் பள்ளி நடத்தியது. அங்கே இந்திய மொழிகளில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார்கள். 1835-இல் பெண்டிங்க் பிரபு அதை மூடினார். அதன் இடத்தில் ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கும் கல்கத்தா மருத்துவக் கல்லூரி வந்தது. அதே 1835 பிப்ரவரியில் சென்னையிலும் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதுதான் 1850-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் ஆனது.

அந்தச் சென்னைப் பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று பாருங்கள். ராணுவத்துக்கு உதவியாளர்கள் வேண்டியிருந்தது. ஆங்கிலோ இந்தியர்களை அப்போத்திகரிகளாகவும், உள்ளூர் ஆட்களைக் காயம் கட்டுகிற டிரெஸ்ஸர்களாகவும் பழக்குவதற்கான இடம் அது. ஆகவே பாடமும் அந்த அளவில்தான் இருந்தது. மருத்துவர் என்கிறவர் கப்பலில் வருவார், இங்கே உள்ளவர்கள் அவருக்குக் கைநீட்டினால் போதும் என்ற ஏற்பாடு. பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்தான் அந்தப் பாடத்திட்டம் மனதில் வைத்திருந்த நோயாளி. திருநெல்வேலியில் பிரசவ வலியில் கிடக்கும் ஒரு பெண் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அவளுக்கான கதவு 1875-இல் கொஞ்சம் திறந்தது. அந்த வருடம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஒரு ஆங்கிலேயரின் மனைவி. கணவரின் வழக்குகள் மூலமாக, ஆண் மருத்துவரைப் பார்க்க முடியாமல் இந்தியப் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டுப் படிக்க வந்தவர். மூன்று வருடம் படித்து 1878-இல் தேறினார். அந்த ஆண்டில் லண்டனிலேயே பெண்கள் மருத்துவப் பட்டம் பெற்றிருக்கவில்லை.

இனி நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலருக்கு இது தெரிந்த கதையாக இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு இதைப் பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை, நர்சிங் பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1822-இல் அமெரிக்காவின் வூஸ்டரில் பிறந்தவர். 1847-இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். சில ஆண்டுகளில் ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த பிள்ளை கிராமத்தில் தங்குவதில்லை. அரசாங்க வேலை கிடைக்கிறது, சம்பளம் கிடைக்கிறது, போய்விடுகிறான். யாருக்காகப் பயிற்சி கொடுத்தாரோ அந்தக் கிராமத்தவர் அப்படியே இருக்கிறார்கள்.

கிறீன் ஆளை மாற்றவில்லை, பாடத்தை மாற்றினார். 1860-களில் மருத்துவ வகுப்பு முழுவதையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே? அவரும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். உடற்கூறு, உடல் இயக்கம், சுகாதாரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் நூல் 1857-இலேயே வந்துவிட்டது. அதன் பெயரை நான் மூச்சுவிடாமல் சொல்லிப் பார்க்கிறேன்: அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். பிறகு இரணவைத்தியம், அதாவது அறுவை. 1872-இல் மனுஷ அங்காதிபாதம். நம் மெடிக்கல் மாணவர்கள் இன்றும் தூக்கிச் சுமக்கும் கிரேயின் உடற்கூறு நூல்தான் அது. 1875-இல் கெமிஸ்தம். மொத்தம் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்துக்குப் போவது, அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. இதுதான் அவர் வைத்திருந்த வரிசை. கெமிஸ்தம் என்ற சொல் மூன்றாவது படியில் வந்து நின்றது என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

அவர் காலத்தில் பயின்று வெளியே வந்த மருத்துவர்கள் 62 பேர். அவர்களில் 33 பேர் முழுக்கத் தமிழில் படித்தவர்கள். 1873-இல் உடல்நிலை மோசமாகி ஊர் திரும்பினார். அங்கே போயும் மொழிபெயர்ப்பை விடவில்லை. உடல் இயக்கவியல் நூல் 1883-இல் வந்தது. அடுத்த வருடம் இறந்துபோனார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னார். வூஸ்டரில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. மானிப்பாயில் அவர் பெயரில் மருத்துவமனையும் இருக்கிறது.

அவருக்குப் பின் அந்த வழி நீளவில்லை. 1870-இல் கொழும்பில் அரசாங்கம் ஆங்கிலத்தில் மூன்றாண்டு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. அதற்கு ஒரு காரணம் வன்னியில் பறங்கி நோயால் மக்கள் அழிந்துகொண்டிருந்தது. வேடிக்கை பாருங்கள். வன்னிக்கு மருத்துவர் வேண்டும் என்ற தேவையும் சேர்ந்து பிறந்த பள்ளி, வன்னியில் யாரும் பேசாத மொழியில் பாடம் நடத்தியது. அந்தப் பள்ளியின் தகுதியைப் பின்னாளில் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. மானிப்பாயின் தகுதியை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தவர் மானிப்பாய்க்காரர் மட்டுமே. யாழ்ப்பாணத்துக்கு ஒரு மருத்துவ பீடம் வர 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான் மொழிப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவத்தை ஆங்கிலத்தில் படிப்பதால் வரும் நன்மை எனக்குத் தெரியும். அந்த ஆங்கிலத்தால்தான் நானும் இங்கே வந்தேன். கிறீன் கண்டதும் அதுவேதான்: எந்தப் படிப்பு எங்கேயும் செல்லுமோ, அதைப் படித்தவரும் எங்கேயும் சென்றுவிடுவார். அதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கேயும் செல்லாத படிப்பைக் கொடுத்துத்தான் ஒருவரை ஊரில் நிறுத்த முடியும் என்றால் அது நியாயமா? இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருடமாக ஒருவரும் முழுப் பதில் சொல்லவில்லை. அடுத்து வேலூரிலும் இதே கேள்விதான்.

ஐடா ஸ்கடரின் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியது, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனது, மூன்று பெண்களும் இறந்தது. சபைகளில் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. அவர் மருத்துவம் படித்துவிட்டு வந்து 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1909-இல் அவர் முதலில் தொடங்கிய பள்ளி எது தெரியுமா? நர்சுகளுக்கானது. மருத்துவப் பள்ளி அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1918-இல்தான் வந்தது. பெண்கள் யார் வரப் போகிறார்கள் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். வந்தவை 151 விண்ணப்பங்கள். அந்த முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் 1922-இல் தேறி வெளியே வந்தார்கள்.

அவர்கள் பெற்றது எம்.பி.பி.எஸ். இல்லை, எல்.எம்.பி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "எல்.எம்.பி. டாக்டர்" என்று மரியாதையோடு சொல்வதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நான்காண்டுப் படிப்பு, பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, தொழில் செய்ய உரிமம் உண்டு. செலவு குறைவு. பட்டம் பெற்ற டாக்டர்கள் பட்டணத்தில் இருக்க, தாலுகா ஊர்களில் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் போய்ப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்த எல்.எம்.பி.க்கள்தான்.

1930-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணம் இந்த இரண்டாம் படியை எடுத்துவிட முடிவு செய்தது. இனி எல்லோரும் பட்டப்படிப்புதான் படிக்க வேண்டும். ராயபுரத்தில் இருந்த மருத்துவப் பள்ளி 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. அரசுப் பணம் இருந்ததால் அது முடிந்தது. வேலூரின் நிலை என்ன? பட்டப்படிப்புக்குக் கூடுதல் படுக்கைகள் வேண்டும், மேற்படிப்பு முடித்த பேராசிரியர்கள் வேண்டும், பரிசோதனைச் சாலைகள் வேண்டும். ஐடா ஸ்கடருக்கு அப்போது எழுபது வயதை நெருங்கியிருந்தது. பணத்துக்காகத் திரும்பவும் அமெரிக்காவுக்குப் போனார். ஆண்களையும் சேர்த்தால் மற்ற சபைகளும் கைகொடுக்கும் என்ற பேச்சு வந்தது. இத்தனை காலம் பெண்களுக்காக என்றே பணம் திரட்டிக் கொடுத்த தோழி லூசி பீபாடி அதைக் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் 1942-இல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-இல் ஆண்களும் சேர்ந்தார்கள். அறுவைப் பேராசிரியர் தேவைப்பட்ட அந்த நாள்களில் நெய்யூர் மருத்துவமனையில் இருந்த சாமர்வெல் வேலூருக்கு வந்து கற்பித்தார். எவரெஸ்ட் ஏறப் போன அதே ஹோவர்ட் சாமர்வெல்தான்.

பாடத்திட்டத்தில் ஒரு வரியை அரசாங்கம் மாற்றினால் கீழே என்னவெல்லாம் அசைகிறது பாருங்கள்! பெண்களுக்கென்று பிறந்த ஒரு பள்ளி, படிப்பின் நீளம் கூடியதால் எல்லோருக்குமான கல்லூரியானது.

இதே காலத்தில் லண்டனிலிருந்தும் ஒரு அடி விழுந்தது. நர்சுகளுக்குச் சுவாரஸ்யமான செய்தி இது. 1920-களிலிருந்தே பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்திய மருத்துவக் கல்லூரிகளிடம் ஒரு குறை சொல்லிவந்தது: உங்கள் மாணவர்கள் தங்கள் கையால் போதுமான பிரசவம் பார்ப்பதில்லை. 1930-இல் இந்தியப் பட்டங்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது. தேசியவாதிகள் கொதித்தார்கள். அதன் விளைவாக 1933-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. இந்தியாவில் மருத்துவப் படிப்புக்கு ஒரு பொது அளவு வைக்கும் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அதில் அரசியல் இருந்தது என்பது உண்மை. ஆனால் குறையும் பொய்யில்லை. ஆண் மாணவனைப் பிரசவ அறைக்குள் விடாத சமூகம் நம்முடையது. பிள்ளை எடுத்தவர்கள் மருத்துவச்சிகளும் மிட்வைஃப்களும். மாணவன் புத்தகத்தில் படித்தான்.

சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946-இல், போர் குழுவின் அறிக்கை வந்தது. ஜோசப் போர் தலைமையில் 1943-இல் அமைத்த குழு அது. நம் சென்னையின் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். அப்போது இந்தியாவில் பதிவு செய்த மருத்துவர்கள் சுமார் 47,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் எல்.எம்.பி. போன்ற உரிமப் படிப்பு படித்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டாக்டர்களை உண்டாக்கிய அந்த வழியை மூடிவிட்டு, ஒரே தரத்தில் "அடிப்படை மருத்துவர்" ஒருவரை உருவாக்குவோம் என்று குழு சொன்னது. பட்டணத்துக்காரனுக்கு முழு டாக்டர், கிராமத்தானுக்கு அரை டாக்டர் என்ற நிலை கூடாது என்பது அவர்கள் வாதம். சில உறுப்பினர்கள் மாறுபட்டு எழுதினார்கள். இப்போது இருக்கும் பற்றாக்குறைக்கு இந்தப் படிப்பு கொஞ்ச காலமாவது தொடரட்டும் என்றார்கள்.

இரண்டு பக்கத்தையும் பலமுறை யோசித்திருக்கிறேன். குழு சொன்னது நீதி. மாறுபட்டவர்கள் சொன்னது நிலைமை. ஒரே தரத்தில் டாக்டர் வந்தார், ஆனால் ஒரே அளவில் எல்லா ஊருக்கும் வரவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அன்றைக்கு ஆறாயிரம் பேருக்கு ஒரு டாக்டர் என்றால், நாற்பத்து மூவாயிரம் பேருக்குத்தான் ஒரு நர்ஸ். டாக்டர் படிப்பு நான்கு வருடமா ஐந்து வருடமா என்று நாடே வாதிட்டுக்கொண்டிருந்தபோது, ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் இருப்பதற்கு ஆளே இல்லை.

சரி, அந்த ஐந்தரை வருடத்துக்குள் என்ன இருக்கிறது? முதலில் உடற்கூறு, உடல் இயக்கம், உயிர்வேதியியல். அடுத்து நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். பிறகு சமுதாய மருத்துவம், சட்ட மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை. கடைசியில் பொது மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தை மருத்துவம். இது நாலரை வருடம். அதன் பிறகு ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன்.

முதலில் அறிவியல், பிறகு நோயாளி என்ற இந்த வரிசை எங்கிருந்து உறுதிப்பட்டது என்று பார்த்தால் 1910-க்குப் போக வேண்டும். ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற அமெரிக்கர் வட அமெரிக்காவின் 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். அவர் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியர். இரண்டு வருடம் பரிசோதனைச் சாலை, இரண்டு வருடம் மருத்துவமனை என்ற ஏற்பாட்டை அவர் உறுதியாக்கினார். காசுக்குப் பட்டம் விற்ற பள்ளிகள் பல மூடின. நல்லதுதான். ஆனால் கறுப்பின மக்களுக்கு இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளில் ஐந்தும் அந்த அலையில் போயின. தரம் உயரும்போது யார் வெளியே நிற்கிறார் என்று பார்ப்பதும் தரத்தைப் பார்ப்பதில் சேர்ந்ததுதான் என்று இதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது.

எங்கள் டிப்ளமோ நேர் எதிர் திசையில் நடக்கும். டாக்டர் மாணவர் முதல் வருடம் சந்திக்கும் மனித உடம்பு உயிரில்லாதது; அது அவரிடம் ஒன்றும் கேட்காது. நர்சிங் மாணவி முதலில் கற்பது படுக்கை விரிப்பது. அந்தப் படுக்கையில் ஆள் இருக்கும். தண்ணீர் கேட்கும், திட்டும், கையைப் பிடித்துக்கொள்ளும். நரம்பு எங்கே ஓடுகிறது என்று எங்களுக்குப் பிறகுதான் சொல்வார்கள். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை; இரண்டு வரிசையும் இரண்டு வேறு கண்களைத் தருகின்றன. 2019-இல் இந்தியாவில் புதிய பாடத்திட்டம் வந்தபோது முதல் வருடத்திலேயே நோயாளியைப் பார்ப்பது, பேசிப் பழகுவது, அறம் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். பிறகு ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு தொடர்ந்து போய்ப் பார்க்கும் ஏற்பாடும் வந்தது. எங்கள் பாதைக்கு அவர்கள் கொஞ்சம் நகர்ந்து வருகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது நாம் இருக்கும் ஊருக்கு வரலாம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1862-இல் தொடங்கியது, ஆஸ்திரேலியாவில் முதலாவது. முதல் பேராசிரியர் ஜார்ஜ் ஹால்ஃபோர்டின் வீட்டு வண்டிக் கொட்டகையில் மூன்று மாணவர்களோடு வகுப்பு நடந்தது. ஆனால் படிப்பு ஐந்து வருடம். பிரிட்டனில் அப்போது நான்கு வருடம்தான் வழக்கம். குடியேற்ற நாட்டுப் பட்டம் என்று யாரும் குறைவாக நினைக்கக் கூடாதே என்ற ரோஷம் அதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சென்னைக்கு டிரெஸ்ஸர் பள்ளி, மெல்பர்னுக்கு ஐந்து வருடப் பட்டம். ஒரே பேரரசு, இரண்டு அளவுகோல். பெண்களுக்கு மட்டும் இங்கே 1887 வரை இடமில்லை. அதில் சென்னை பன்னிரண்டு வருடம் முந்திக்கொண்டது.

மெல்பர்ன் 2011-இலிருந்து பட்டதாரிகளை மட்டும் சேர்க்கும் முறைக்குப் போய்விட்டது. பள்ளி முடித்தவுடன் நேராகச் சேரும் இளநிலைப் படிப்பு இந்த நகரத்தில் மொனாஷில் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் கிளேட்டனில். மூன்றாம் வருடத்திலிருந்து மருத்துவமனைகள். கேரம் டவுன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிராங்ஸ்டன் மருத்துவமனையும் அதில் ஒன்று. கடைசி வருடத்தில் மாணவர் ஏறத்தாழ இன்டர்ன் போலவே வார்டில் நடமாட வேண்டும். இங்கும் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. உள்நாட்டு ஊர்களுக்கு டாக்டர் போகமாட்டேன் என்கிறார். அதனால் 2000-க்குப் பிறகு கிராமப்புற மருத்துவப் பயிற்சிப் பள்ளிகளை அரசாங்கம் பணம் கொடுத்து ஏற்படுத்தியது. மாணவர் ஒரு வருடமாவது அங்கே போய்ப் படித்தால் பிறகு அங்கே தங்குவார் என்ற எதிர்பார்ப்பு. இன்னொரு பக்கம், வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர்களுக்குப் பத்து வருடம் பற்றாக்குறை உள்ள இடங்களில்தான் மெடிகேர் எண் என்று 1997-இலிருந்து விதி. அப்படிப் போய்ச் சின்ன ஊர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிற தமிழ் டாக்டர்கள் பலர். மானிப்பாயில் கிறீன் யோசித்ததையேதான் கான்பராவும் யோசிக்கிறது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் செலவு செய்து உருவாக்கிய டாக்டரை வைத்து விக்டோரியாவின் ஒரு சிற்றூரின் தேவை தீர்கிறது. நானும் அந்தக் கணக்கில் ஒரு எண்தான். குற்றம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. கணக்கு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இந்த ஊரில் நான் பார்க்கும் வயதான தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மறதி நோய் வரும்போது பின்னால் கற்ற மொழி பலருக்கு முதலில் போய்விடும். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்தியவர் தமிழில் மட்டும் பேசுவார். வலிக்கு நம்மிடம் எத்தனை சொல்! குத்துது, கடுக்குது, குடையுது, உளையுது, எரியுது, விண்விண்ணென்று தெறிக்குது. குடையுது என்பதும் எரியுது என்பதும் வேறு வேறு வலி, மருந்தும் வேறாகலாம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டால் எல்லாம் ஒரே சொல்லாகி வந்து சேர்கிறது. வலி நரம்பில் எப்படிப் பயணம் செய்கிறது என்று படிக்க ஒரு பருவம் இருக்கிறது. வலிக்கிறது என்பதை ஒருவர் எந்தச் சொல்லில் சொல்வார் என்று படிக்க இடம் இருக்கிறதா? 2022-இல் மத்தியப் பிரதேசம் மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டபோது பெரிய விவாதம் நடந்தது. தமிழில் அந்த வேலை நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே மானிப்பாயில் நடந்தது. பாடம் எந்த மொழியில் இருந்தாலும் போகட்டும். நோயாளியின் மொழியில் ஒரு நூறு சொல்லாவது தெரியாமல் ஒருவரை வார்டுக்கு அனுப்பாத பாடத்திட்டம் வந்தால் போதும் என்பதுதான் என் ஆசை.

பெற்றோரிடம் ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். பிள்ளை மெடிசின் படிக்க வேண்டும் என்று நினைப்பது நல்ல ஆசை. எத்தனை மார்க், எத்தனை வருடம் என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த வருடத்தில் என் பிள்ளை முதல் நோயாளியைப் பார்ப்பான்? எந்த ஊர் மருத்துவமனையில்? பதிலைக் கேட்டால் அந்தக் கல்லூரி யாருக்காக டாக்டரைத் தயார் செய்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் பிள்ளை தமிழ் வகுப்புக்குப் போகிறான் என்றால், அதை மெடிசினுக்காக நிறுத்திவிடாதீர்கள். படித்து முடித்து ஃபிராங்ஸ்டனிலோ டான்டெனாங்கிலோ வார்டுக்கு வரும்போது, எங்களில் யாரோ ஒருவருடைய அம்மா அங்கே படுத்திருப்பார்.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.